பெட்ரோல், டீசல் விலை ஏறினால் பங்க் முதலாளிகளுக்குக் கொள்ளை லாபம்தானே? அரசாங்கங்கள் ஏன் ஒன்றை ஒன்று கை காட்டுகின்றன?

கேட்டவர் தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருபவர் என்று நினைக்கிறேன். மாதச் செலவில் பெட்ரோல் கணக்கு எகிறியிருக்கும். காசை வாங்கிக்கொள்வது பங்க்காரர் என்பதால் சந்தேகமும் அவர்மேல்தான் வரும். அது இயல்புதான். ஆனால் மணப்பாறைப் பக்கம் அப்பா நடத்தும் பங்க்கில் ஒன்பது வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். இந்தக் கேள்வியைக் கடந்துபோக மனசு வரவில்லை.

விலையை நாங்கள் வைப்பதில்லை. எண்ணெய் நிறுவனம் சொல்லும் விலை காலை 6 மணிக்கு மெஷினில் மாறிவிடும். எங்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். 2021 கணக்கில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய்க்கு மேல், டீசலுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். விலை ஏறினால் அதில் சில பைசா கூடும், அவ்வளவுதான். ஆனால் போடுகிற முதல்? டீசல் எழுபது சொச்சம் விற்றபோது 12,000 லிட்டர் லோடுக்கு எட்டரை லட்சம் கட்டினோம். நூறைத் தாண்டியபோது அதே லோடுக்கு 12 லட்சம். பணம் கட்டினால்தான் லாரி கிளம்பும். எங்களுக்கு அது வங்கியில் எடுத்த ஓவர்டிராஃப்ட் கடன், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி 2021 தீபாவளிக்கு வருகிறேன். நவம்பர் 4 பண்டிகை. லீவு நாளில் லோடு வராது என்று அப்பா 3-ஆம் தேதியே வரவழைத்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு லாரி இறக்கிவிட்டுப் போனது. இரவு டிவியில் செய்தி: மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலில் 5 ரூபாயும் டீசலில் 10 ரூபாயும் குறைத்துவிட்டது, காலையிலிருந்து புது விலை. ஊரே சந்தோஷப்பட்டது, நியாயம்தான். ஆனால் அந்த நிமிஷமே எங்கள் வியாபாரம் நின்றுபோனது. வாடிக்கையாகப் போடும் லாரிக்காரர் ஒருவர் போன் செய்து, "காலைல வந்து போட்டுக்கிறேம்மா, தப்பா நினைச்சுக்காத" என்றார். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அப்பா டேங்க் மூடியைத் திறந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, தெருவில் வெடிச் சத்தம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே வந்திருந்தார். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் டிப் ராடைத் துடைத்து உள்ளே விட்டு எடுத்து, நனைந்த கோட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடி துடைத்து மறுபடி விட்டார். டீசல் 13,200 லிட்டர், பெட்ரோல் 6,500. நான் நோட்டில் எழுதினேன். மாநில வரியும் விகிதத்தில் குறைந்ததால் டீசலில் 11 ரூபாய் சொச்சம், பெட்ரோலில் 5 ரூபாய் சொச்சம் இறங்கியிருந்தது. பழைய விலைக்கு வாங்கியதைப் புது விலைக்கு விற்றாகவேண்டும், ஏறக்குறைய 1,80,000 ரூபாய் ஒரே ராத்திரியில் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "பசங்களுக்குப் போனஸ் கவர் எடுத்து வச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏறும்போது ஸ்டாக்கில் லாபம் பார்த்தீர்களே, அதைச் சொல்லவில்லையே" என்று ஒருவர் கமெண்டில் வருவார். பார்த்தோம், மறைக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறகு, உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிந்து கொஞ்ச நாள்வரை, 137 நாள் விலை அசையவில்லை. 2022 மார்ச் 22 முதல் பெரும்பாலான நாளும் 80 பைசா வீதம் ஏறி, இரண்டே வாரத்தில் 10 ரூபாய் கூடியது. அப்போது கொஞ்சம் வந்தது. அதையும் சேர்த்து மே 21 சனிக்கிழமை இரவு வந்த அடுத்த வரிக் குறைப்பு கொண்டுபோய்விட்டது. வரியைக் குறைக்காதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் டேங்கில் இருப்பது பழைய வரி கட்டி வாங்கிய சரக்கு. அந்த வித்தியாசத்தைத் திருப்பித் தர ஒரு வழி வையுங்கள் என்கிறேன். 2017-க்குப் பிறகு கமிஷனும் ஏற்றவில்லை என்று 2022 மே 31 அன்று பல மாநிலப் பங்க் டீலர்கள் ஒருநாள் கொள்முதலை நிறுத்தினார்கள். ஏற்றியது 2024 அக்டோபரில்.

சரி, யார் காரணம் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் எந்தக் கட்சியும் இல்லை. 2014-ல் பெட்ரோல்மீதான மத்திய வரி லிட்டருக்கு 9.48 ரூபாய். 2020 மே மாதம் 32.98. கொரோனாவில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்குப் போனபோது, அந்த இறக்கம் நமக்கு வராமல் வரியாகப் போனது. 2021-ல் அந்த வரியில் மாநிலங்களோடு பங்கிடவேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய், மிச்சமெல்லாம் செஸ், கூடுதல் வரி. மாநிலங்கள் கத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ்நாடும் 2020 மே மாதம், அதிமுக ஆட்சியில், மாநில விற்பனை வரியான வாட் வரியை மாற்றிப் பெட்ரோலை 3.25, டீசலை 2.50 ரூபாய் ஏற்றியது. பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 குறைப்போம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்த திமுக, 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 குறைத்தது. டீசலைத் தொடவில்லை. 2022 ஏப்ரலில் பிரதமர், வாட் வரியைக் குறைக்கவில்லை என்று தமிழ்நாட்டைப் பெயர் சொல்லிக் குறை கூறினார். நாங்கள் முன்பே குறைத்துவிட்டோம் என்று இங்கிருந்து பதில் போனது. இரண்டு தரப்பும் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன. முழுசையும் கேட்டு வாடிக்கையாளர் கத்துவது, வண்டிக்குப் பெட்ரோல் போடும் எங்கள் நாசில் பையனிடம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா, கட்சி மாநாடு, விளையாட்டுப் போட்டி என்று எது வந்தாலும் வசூல் நோட்டு முதலில் வருவது பங்க்குக்குத்தான். "பங்க்காரர் ஐயாயிரமாவது எழுதுங்க" என்பார்கள். அந்தத் தீபாவளி முடிந்த வாரமே நாலு நோட்டு வந்தது. அப்பா நாலிலும் எழுதினார். அவர் கூச்சம் அவருக்கு. எனக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

அளவில் சந்தேகம் இருந்தால் எந்தப் பங்க்கிலும் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தைக் கேளுங்கள், உங்கள் கண் முன்னால் அதில் பிடித்துக் காட்டவேண்டும். அது உங்கள் உரிமை. எங்கள் பங்க்கில் அது ஆபீஸ் ஜன்னலுக்குக் கீழேயே இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் எங்களிடம் டீசல் குறைவாக இருக்கலாம். அப்பா இப்போது அன்றைக்கு லோடு எடுப்பதில்லை.