அடிக்கும் குணம் ரத்தத்தில் வருமா?

மாமனாரைப் போலவே கணவரும் அடிக்கிறார், 'ஆண் ரத்தம் அப்படித்தான்' என்கிறார் மாமியார், என் மகனும் இப்படி ஆகிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். மாமனாரும் கணவரும் அடிப்பவர்கள் என்பதால் உங்கள் மகனும் அப்படி ஆகியே தீருவான் என்பதில்லை. உங்கள் மாமியார் சொல்வதுபோல் 'ஆண் ரத்தம்' மட்டுமே காரணமென்றால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் கணவனின் வன்முறைக்கு உள்ளானதாகச் சொன்ன பெண்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 38 விழுக்காடாகவும் கேரளத்தில் 10 விழுக்காடாகவும் இருப்பதை விளக்கவே முடியாது. மலையைத் தாண்டியதும் ஆணின் சுரப்பிகள் மாறிவிடுவதில்லை. (வெளியே சொல்லத் தயங்குவோர் இரு மாநிலங்களிலும் உண்டு.)

தாய் அடிபடுவதைக் கண்டு வளர்வதும், அதைக் கேட்பார் இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். அப்படி வளர்ந்தும் மனைவியை அடிக்காத ஆண்கள் ஏராளம்.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: மேலாளர் திட்டும்போதும் காவலர் வண்டியை மறிக்கும்போதும் உங்கள் கணவர் கை ஓங்குகிறாரா? இல்லையென்றால், அடக்க முடியாத இயல்பு என்பது வெறும் சாக்கு.

இயற்கைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் கொலை செய்வோரில் ஆண்களே மிகுதி. ஆனால், அடிப்பதற்கு அது நியாயமாகாது. இதையெல்லாம் உங்கள் கணவரிடம் வாதிட்டு நிறுவ முயலாதீர்கள், அது ஆபத்தாக முடியலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தால், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு அமர்த்தும் பாதுகாப்பு அலுவலரை அணுகும் வழியைக் கேட்டறியலாம்.