சுவர் வேர்க்கிறதா, ஓதம் ஏறுகிறதா?

கேள்வி: தாத்தா காலத்து வீடு. பின்கட்டுப் படுக்கையறைக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் புட்டி வைத்து எமல்ஷன் அடித்து, ஏசியும் மாட்டினோம். இப்போது முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளைப் பொடி உதிர்கிறது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். வாட்டர்புரூஃப் பெயிண்ட் அடித்தால் நிற்குமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: நிற்காது. அடுத்த ஐப்பசிக்குள் அதுவும் உப்பிவிடும். உங்கள் அறையில் இருப்பது இரண்டு வேறு தண்ணீர். கீழே இருப்பது தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஓதம். பீரோவுக்குப் பின்னால் இருப்பது அறைக்காற்று குளிர்ந்த சுவரில் படிந்த வேர்வை. சந்தேகம் இருந்தால், ஓர் அடிச் சதுரமாக இரண்டு பாலிதீன் தாளை வெட்டி, ஒன்றை அரையடி உயரத்திலும் மற்றதை நாலடி உயரத்திலும் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துத் தாளுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அது சுவரின் ஈரம். வெளிப்பக்கம் துளிர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம்.

நம் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும். அந்த நீர் காரை வழியே ஆவியாகிப் போய்விடும் என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. புட்டியும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டன. அடைபட்ட நீர் இன்னும் மேலே ஏறுகிறது. அது கொண்டுவந்த உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளுகிறது.

வேலையைப் பங்குனியில் தொடங்குங்கள். அதற்கு முன், வெளிப்பக்கத் தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்கிறதா, சுவரை ஒட்டிக் குளியலறைக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் சுவரைத் தொட வேண்டாம். ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடி வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, செங்கல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஒரு மாதமாவது சுவரை வெறுமனே காய விடுங்கள். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கனம் தேவையென்றால் இரண்டு தடவையாகப் பூசி, ஒரு வாரம் லேசாகத் தண்ணீர் தெளித்து வாருங்கள். மேலே சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும், நீர்க்க மூன்று முறை. “ஒரு சட்டி சிமெண்ட் போட்டாத்தான் பிடிக்கும்” என்பார் கொத்தனார். அந்த ஒரு சட்டிக்குச் சம்மதிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசும் பழைய செட்டிநாட்டுப் பளபளப்பு வேண்டுமென்றால், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

இனி பீரோ. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதுவும் வேர்க்கும். ராத்திரி ஏசியை 20-ல் ஓடவிட்டு, காலையில் நிறுத்திய கையோடு ஜன்னலைத் திறந்தால் நடப்பது இதுதான். 26-ல் வைத்து மின்விசிறியைச் சேர்த்துப் போடுங்கள். நிறுத்தியபின் அரை மணி நேரம் விசிறி மட்டும் ஓடட்டும், பிறகு திறங்கள். பீரோ சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி நிற்கட்டும். பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

கேள்வி: கார்த்திகை மழையில் துணியைப் படுக்கையறைக் கொடியில்தான் உலர்த்துகிறோம். ஒரே வாடை. கற்பூரம் வைத்தால் போகுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கற்பூரம் வாடையை மறைக்கும், ஈரத்தை எடுக்காது. கையால் பிழிந்த ஒரு வாளித் துணியில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் இருக்கும். அத்தனையும் அந்த அறைக் காற்றில்தான் கலக்கும். கொடியை வளவுத் தாழ்வாரத்துக்கு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கு மாற்றி, ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: பள்ளத்தூர் வீட்டைப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கிறோம். அறைகளில் பட்டுச்சேலைகூட பூத்துப்போகிறது.
– வாசகி, சென்னை

பதில்: வளவை மட்டும் பார்த்த, வெளி ஜன்னல் இல்லாத அறைகளில் காற்று அசைவதே இல்லை. சாவி வைத்திருப்பவரிடம் சொல்லி, மழையில்லாத நாளில் காலை 11 முதல் 3 மணி வரை அறைக்கதவு, பீரோக்கதவு இரண்டையும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடிய பெட்டிக்குள் உதவும், அறைக்கு உதவாது. பட்டுச்சேலையை பிளாஸ்டிக் பையில் போடாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். புரட்டாசி முடிவதற்குள் முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் தூம்பில் இலை அடைத்திருக்கிறதா, நாட்டு ஓடு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தூம்பு அடைத்தால் முற்றத்துத் தண்ணீர் தேங்கி, பக்கத்து அறைச் சுவர்களின் அடியில்தான் இறங்கும்.