நார்கோலெப்சி இருந்தால் கார் ஓட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குக் காரில் வேலைக்குச் செல்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன் நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பு நோய்) என்று கண்டறிந்தார்கள். மாத்திரையால் பகல் தூக்கம் குறைந்துவிட்டது. ஆனால் வாய்விட்டுச் சிரித்தால் தாடை தொங்கி முழங்கால் தளர்கிறது. உரிமம் புதுப்பிக்க வேண்டும். நோயைச் சொல்லாதீர்கள், சான்றிதழ் நான் வாங்கித் தருகிறேன் என்கிறார் புரோக்கர். ஓட்டலாமா?

பதில்: இப்போதைக்கு ஓட்டாதீர்கள். மொடாஃபினில் போன்ற மாத்திரைகள் விழிப்பைத் தருமே தவிர, சிரிப்பிலும் கோபத்திலும் வரும் தசைத் தளர்ச்சியைத் தடுப்பதில்லை; அதற்கு வேறு மருந்துகள் உள்ளன. அந்தச் சில நொடிகளில் நினைவு தவறாது. பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்; கால்தான் கேட்காது.

புரோக்கர் பேச்சை அடியோடு விட்டுவிடுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கான 1ஏ மருத்துவச் சான்றை உங்களைப் பார்த்திராத மருத்துவரிடம் வாங்கித் தருவார். ஆனால் படிவம் 1-இல் உடல்தகுதி உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திடுவது நீங்கள். நோய் இருப்பது தெரிந்தே பிறருக்கு ஆபத்தாக ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 186-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை அபராதம் 1,000 ரூபாய் வரை என்பது அற்பமாகத் தோன்றலாம். விபத்தில் ஓர் உயிர் போனால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது நீங்கள், அவரல்ல. படிவம் 1-ஓ வலிப்பையும் திடீர் நினைவிழப்பையும் தலைசுற்றலையும் கேட்கிறது, தூக்க நோயைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பிரிட்டனில் இந்நோயை உரிம அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இங்கே ஒரு வரி சேர்க்க இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ!

ஓட்டாதீர்கள் என்றதற்கு விலக்கு ஒன்று உண்டு. தளர்ச்சி மருந்தில் அடங்கி, பகல் தூக்கமும் கட்டுக்குள் வந்தவர்களை, தூக்க ஆய்வகத்தில் விழித்திருக்கும் திறனை அளக்கும் சோதனைக்கு அனுப்புகிறோம். மங்கலான அறையில் 40 நிமிடம் தூங்காமல் உட்கார வேண்டும். இரண்டு மணி நேர இடைவெளியில் இது நான்கு முறை நடக்கும். நோயைக் கண்டறிய உங்களுக்கு முன்பு செய்த பகல் குட்டித்தூக்கச் சோதனை இதுவல்ல. எவ்வளவு விரைவில் தூங்கிவிடுகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும், ஆகவே அந்த அறிக்கையைக் காட்டி ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். விழிப்புச் சோதனையில் தேறினாலும் அது அன்றைய நிலைக்கு மட்டுமே சாட்சி. மாத்திரை தவறாத நாளில், 15 அல்லது 20 நிமிடம் தூங்கி எழுந்த பிறகு, பகலில், குறுகிய தூரம் என்றே உங்கள் மருத்துவர் அனுமதிக்கக்கூடும். ஓ.எம்.ஆர். போன்ற நீண்ட நேர்ச்சாலை அதில் அடங்காது.

அதுவரை அலுவலகப் பேருந்தில் செல்லுங்கள். தளர்ச்சி வரும் ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது என்ன நடந்தது என்று குறித்துவைத்து, அந்தக் குறிப்பேட்டோடு உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.