பில் டபிள்யூ. கையெழுத்து பொய் என்றால், முதலில் எழுத்தில் தெரிவியுங்கள்

நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். குடியை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் வரலாறு சம்பந்தமான, கையெழுத்திட்ட பழைய புத்தகங்களைச் சேர்க்கிறார். நியூ ஜெர்சியிலேயே பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் 11,500 டாலருக்கு ஏ.ஏ.வின் அடிப்படை நூலான 'பிக் புக்' வாங்கினார்; கடைக்காரரும் இவர் போகும் அதே ஏ.ஏ. மீட்டிங்குக்கு வருபவர். புத்தகம் 2022 ஆகஸ்ட் 19 அன்று கைக்கு வந்தது. முன்தாளில் ஏ.ஏ. நிறுவனர்களில் ஒருவரான பில் டபிள்யூ. எழுதியதாக நான்கு வரி, 1941 தேதியுடன். போன டிசம்பரில் பைண்டிங்கைச் சரிசெய்யக் கொடுத்தபோது, பைண்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, அந்த வரிகள் பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை என்று சொல்லிவிட்டார். கடைக்காரரோ நான்கு மாதமாக "நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்கிறார். என்ன செய்வது?

உங்கள் கடிதத்தில் பெரும்பகுதி, கூட வந்து உட்கார்ந்தவரே ஏமாற்றிவிட்டார் என்ற வேதனைதான். எனக்குப் புரிகிறது, ஆனால் வழக்குக்கு அது உதவாது. குரூப் தலையிடவில்லை என்ற கோபத்தையும் விடுங்கள். வெளி விவகாரங்களில் ஏ.ஏ. கருத்துச் சொல்வதில்லை என்பது அந்த அமைப்பு பின்பற்றும் மரபுகளில் பத்தாவது. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

வழக்கு நிற்பது இன்வாய்ஸில் உள்ள ஒரே வரியில்: 'முதல் அச்சு, 1939, பில் டபிள்யூ. கையெழுத்துடன்.' 'அவருடையதாகக் கருதப்படும்' என்று அவர் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் இன்று நான் உங்களுக்கு வேறு பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வரிதான் வாரண்டி, அதாவது பொருள் இப்படிப்பட்டது என்று விற்றவர் தரும் உறுதி. பின்பக்கம் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருப்பது அதை அழிக்காது. கையெழுத்து பொய் என்று கடைக்காரருக்கே தெரியாது என்றாலும் வாரண்டிக்கு அவர் பொறுப்பு. அதனால் அவர் தெரிந்து செய்தாரா என்று ஆள் வைத்து விசாரிக்க வேண்டாம்.

பேனா விஷயம் பலமான சான்று. அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபரில், நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில். ஆனால் பில் 1971 ஜனவரி வரை இருந்தார். பிற்பாடு எழுதிப் பழைய தேதி போட்டிருப்பார் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். பைண்டரின் வாய்ச்சொல் போதாது. கையெழுத்து நிபுணரின் எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்குங்கள்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். வாரண்டி வழக்குக்குக் காலவரம்பு நான்கு வருடம். பொய் என்று தெரிந்த நாளிலிருந்து அல்ல, புத்தகம் கைக்கு வந்த நாளிலிருந்து. அதாவது உங்களுக்கு 2026 ஆகஸ்ட் 19 வரைதான். பேச்சுவார்த்தை நடப்பதால் இந்தக் கடிகாரம் நிற்காது. என்னிடம் வந்த ஒருவர், இதே மாதிரி நம்பிக்கையான ஆளிடம் வாங்கியவர், 'அடுத்த மாதம்', 'தீபாவளி கழியட்டும்' என்று விற்றவர் சொன்னதைக் கேட்டுக்கேட்டே நான்கு வருடமும் பதினோரு நாளும் கழித்து வந்தார். கையில் நல்ல நிபுணர் அறிக்கை இருந்தது. வாரண்டி வழக்கு போயிற்று. மோசடித் தடுப்புச் சட்டத்தில் ஆறு வருடம் உண்டு என்று சமாளித்தோம், ஆனால் பேரம் பேசும் பலம் பாதியாகிவிட்டது.

அதைவிட மோசமான இன்னொன்று. குறை தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்தப் பரிகாரமும் கிடையாது என்று சட்டம் சொல்கிறது. நீங்கள் போனில் சொன்னேன் என்கிறீர்கள். மீட்டிங் முடிந்து காபி குடிக்கும்போது சொன்னேன் என்கிறீர்கள். அவர் 'என்னிடம் சொல்லவே இல்லை' என்றால் என்ன காட்டுவீர்கள்? இந்த வாரமே சர்டிஃபைட் மெயிலில் (நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி) ஒரு பக்கக் கடிதம் போகட்டும்: வாங்கிய தேதி, இன்வாய்ஸ் வரி, என்ன குறை, எப்போது தெரிந்தது, ஏற்கெனவே எந்தெந்தத் தேதியில் வாயால் சொன்னீர்கள். திட்டு வேண்டாம். பேச அவகாசம் வேண்டும் என்று அவர் கேட்டால், காலவரம்பை நிறுத்திவைக்கும் டோலிங் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு பேசுங்கள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்: பில்லின் வரிகளுக்குக் கீழே, குடியை விட்ட தேதியை நீங்களே மையில் எழுதினீர்கள் என்று. ஏன் எழுதினீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சேகரிப்பாளர் புத்தகத்தில் அது பெரிய மாற்றம். புத்தகத்தின் நிலை அப்படி மாறிவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெரும்பாலும் போய்விடும். அப்புறம் மிஞ்சுவது விலை வித்தியாசம். அதுவும் முழு 11,500 அல்ல. சிவப்புத் துணி அட்டையும் அச்சும் உண்மையான 1939 முதல் அச்சுதான் என்று பைண்டரே சொல்லிவிட்டார். கையெழுத்து இல்லாத முதல் அச்சுக்கும் நல்ல விலை உண்டு. கையெழுத்தோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை, இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் உங்கள் நஷ்டம்.

மூன்று மடங்கு நஷ்டஈடு என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். மோசடித் தடுப்புச் சட்டத்தில் அது உண்டு. வக்கீல் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 20,000 டாலர் வரையான வழக்கை, சிறிய தொகை வழக்குகளுக்கான நியூ ஜெர்சி நீதிமன்றப் பிரிவான ஸ்பெஷல் சிவில் பார்ட்டில் போடலாம்; அங்கேயும் நிபுணரைக் கூப்பிட்டால் அவருக்குக் காசு.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்யுங்கள். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், வித்தியாசத்தில் பெரும்பகுதியைப் பணமாக வாங்குங்கள். 'முழுத் தீர்வாக' என்று எழுதிய சிறு தொகைச் செக் வந்தால் பேங்கில் போடாமல் என்னை மாதிரி வக்கீல் யாரிடமாவது காட்டுங்கள்; போட்டால் அதோடு கணக்கு முடிந்தது என்றாகலாம். இனி வழக்குப் போட மாட்டேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் விடுவிப்புப் பத்திரத்தில் இந்த ஒரு புத்தகத்தின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். அதே ஆளிடம் வாங்கிய, ஏ.ஏ. 1957இல் வெளியிட்ட வரலாற்று நூலும் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதிலும் பில் கையெழுத்து. அதை நிபுணர் இன்னும் பார்க்கவில்லை, அது எந்தத் தேதியில் வந்ததென்று கடிதத்தில் நீங்கள் எழுதவும் இல்லை. முதலில் அந்த இன்வாய்ஸைத் தேடி எடுங்கள்.