கடைப் பலகையில் ஒரு ‘அல்’

கேள்வி: நானும் என் கணவரும் அமீரகத்தில் சிறிய உணவகம் ஒன்று தொடங்குகிறோம். பெயர் ‘புதிய வீடு உணவகம்’. அரபியில் எழுதித் தரச் சொல்லி மூன்று டைப்பிங் சென்டர்களுக்குப் போனோம். ஒருவர் ‘மத்அம் அல்பைத் ஜதீத்’ என்றார். இன்னொருவர் ‘மத்அம் பைத் அல்ஜதீத்’ என்றார். மூன்றாமவர் ‘அல்மத்அம் அல்பைத் அல்ஜதீத்’ என்று எழுதிவிட்டு, முத்திரை குத்தித் தர 500 திர்ஹம் கேட்கிறார். எது சரி? இன்னொன்று: ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ‘புதிய புத்தகங்கள்’ என்பதற்கு ‘குதுப் ஜதீதா’ என்று எழுதியிருந்தாள். பன்மைக்கு ஒருமையா என்று நான் ‘குதுப் ஜுதுத்’ எனத் திருத்திக் கொடுத்தேன். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: சகோதரி, முதலில் பலகையைப் பார்ப்போம். மகளின் வீட்டுப்பாடத்தில் தவறு உங்களுடையது என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மூன்றுமே தவறு. சரியானது ‘மத்அம் அல்பைத் அல்ஜதீத்’. மூவரும் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கி விழுந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழுந்ததற்குக் கட்டணமும் கேட்கிறார்.

தமிழில் ‘புதிய’ என்ற சொல் மாறுவதே இல்லை. புதிய வீடு, புதிய வீட்டில், புதிய வீடுகள், புதிய ஆசிரியை: எதன் முன்னால் நின்றாலும் அது அப்படியே நிற்கும். அரபியில் இப்படி ஒட்டாமல் நிற்கும் பெயரடை கிடையாது. அரபி இலக்கணத்தில் ‘ஜதீத்’ என்பதும் ஒரு பெயர்ச்சொல்தான். ஆகவே அதைப் ‘புதிய’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். ‘புதியது’ அல்லது ‘புதியவன்’ என்று நினைத்துக்கொள்ளுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். ‘அல்’ என்பதற்கு நம் ‘அந்த’ ஏறக்குறைய பொருந்தும்.

இப்போது பாருங்கள். ‘பைத் ஜதீத்’ என்றால் ‘ஒரு வீடு, ஒரு புதியது’. அதாவது ஒரு புதிய வீடு. ‘அல்பைத் அல்ஜதீத்’ என்றால் ‘அந்த வீடு, அந்தப் புதியது’. குறிப்பிட்ட அந்தப் புதிய வீடு. முன்னதில் ‘அல்’ இருந்து பின்னதில் இல்லாவிட்டால் அது பெயரே அல்ல, முழு வாக்கியம்: ‘அல்பைத் ஜதீத்’, அந்த வீடு புதியது. ஆங்கில வழியில் அரபி படிப்பவர்கள் இங்கே ‘இஸ்’ எங்கே போயிற்று என்று தேடித் திணறுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘வீடு புதியது’ என்று வினைச்சொல் இல்லாமல் பேசியே வளர்ந்தவர்கள் நாம். தலைகீழாக, பின்னதில் மட்டும் ‘அல்’ இருந்தால் அது உடைமைத் தொடர் ஆகிவிடும்: ‘பைத் அல்ஜதீத்’, அந்தப் புதியவரின் வீடு.

ஆக, முதல் டைப்பிங் சென்டர்காரர் உங்கள் கடைக்கு வைத்த பெயர் ‘வீட்டின் உணவகம் புதியது’. இரண்டாமவர் வைத்தது ‘புதியவருடைய வீட்டின் உணவகம்’. யார் அந்தப் புதியவர் என்று வாடிக்கையாளர்தான் விசாரிக்க வேண்டும்.

மூன்றாமவர் ‘அல்’ பொருந்த வேண்டும் என்பதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர். எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டுவிட்டார். உணவகம் இங்கே உடைமை. வீடு அதற்கு உரிமையாளர். அரபியில் உடைமைதான் முதலில் வரும், அது ‘அல்’ ஏற்காது. அதை முளாஃப் என்பார்கள். இந்த நுணுக்கத்துக்குள் நீங்கள் மேலும் போக வேண்டியதில்லை. ‘மத்அம்’ வெறுமனே நிற்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் ‘அல்’ போட்டால் ‘உணவகம்தான் அந்தப் புதிய வீடு’ என்று வலிந்து பொருள் சொல்லலாமே தவிர, கடைப் பெயராக அது நிற்காது.

நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகையைப் பார்த்தேன். ‘சுத்தமான உணவகம்’ என்று வைக்க நினைத்த ஒரு மனிதருக்கு ‘அல்மத்அம் நழீஃப்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ‘உணவகம் சுத்தமாக இருக்கிறது’ என்று பொருள். சுகாதார ஆய்வாளரிடம் கெஞ்சுவது போன்ற பெயர். அரபு வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று சிரித்துவிட்டு உள்ளே வந்தார்கள், வியாபாரம் குறையவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அதைத் திருத்த அவர் பட்ட பாடு சாதாரணமானதல்ல. உரிமத்தில் ஒரு பெயர், பலகையில் ஒரு பெயர் இருக்கக் கூடாது என்பதால், இரண்டு எழுத்துக்காக எல்லாக் காகிதத்தையும் மறுபடி எடுத்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். தவறாக எழுதிக் கொடுத்தவர் திருத்தியதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பையன் நம் ஊர்க்காரனாகவே இருப்பான். பேச்சு அரபி சரளமாக வரும். நீங்கள் சொல்லும் பெயரைக் கைபேசியில் ஒவ்வொரு சொல்லாகத் தட்டி, வந்ததை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவான். மென்பொருளிடம் ‘புதிய’ என்று தனியாகக் கேட்டால் அது ‘ஜதீத்’ என்றுதான் சொல்லும். பக்கத்துச் சொல்லில் ‘அல்’ இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? பிறகு முத்திரை. முத்திரை விழுந்தால் இலக்கணமும் சரியாகிவிட்டது என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். பெயரைப் பதிகிறவர்களோ அதே பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘இங்கே ஒரு அல் குறைகிறது, போய்த் திருத்திக்கொண்டு வா’ என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. சான்றிதழ், ஒப்பந்தம் போன்றவற்றுக்குச் சட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டியதுதான். ஒரு கடைப் பெயரின் மூன்று சொல்லை எழுதித் தருவதற்கு எதற்கு? 500 திர்ஹத்தைக் கையிலேயே வைத்திருங்கள். ‘30 நாளில் அரபி’ வகுப்பில் சேரலாமா என்று அடுத்து கேட்காதீர்கள். நான் புரட்டிப் பார்த்த அந்த வகைப் புத்தகங்களில் ‘பெரிய, சிறிய, புதிய, பழைய’ என்று ஒரு பட்டியல் இருந்ததே தவிர, பட்டியலில் உள்ளதை ஒரு பெயரோடு எப்படிச் சேர்ப்பது என்ற பக்கம் இல்லை.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாராவது உங்களிடம் வந்து, “அதெப்படித் தவறு? நாம் மதீனத்துல் முனவ்வரா என்கிறோம், மஸ்ஜிதுல் ஹராம் என்கிறோம். முதல் சொல்லில் அல் எங்கே இருக்கிறது? பைத்துல் ஜதீத் மட்டும் தவறா?” என்று மடக்குவார்கள். இரண்டாவது டைப்பிங் சென்டர்காரரின் காதும் அப்படிப் பழகியதாகத்தான் இருக்கும்.

‘மதீனத்துல் முனவ்வரா’ என்பது நம் வாய்க்கு வசதியாகச் சுருங்கிய உச்சரிப்பு. அரபியில் அது ‘அல்மதீனா அல்முனவ்வரா’, அந்த நகரம், அந்த ஒளிபெற்றது. இரண்டு ‘அல்’. மக்காவின் புனிதப் பள்ளிவாசலை ‘மஸ்ஜிதுல் ஹராம்’ என்று நாம் சொல்வதும் அப்படியே. குர்ஆனின் 17ஆம் அத்தியாயத்து முதல் வசனத்தைக் காதால் கேளுங்கள்: ‘மினல் மஸ்ஜிதில் ஹராமி இலல் மஸ்ஜிதில் அக்ஸா’. நான்கு சொல்லிலும் ‘அல்’ இருக்கிறது. ‘இருந்து’ எனப் பொருள்படும் ‘மின்’னோடும் ‘வரை’ எனப் பொருள்படும் ‘இலா’வோடும் சேர்ந்து ஓதும்போது முதல் ‘அல்’ ஒட்டிக்கொண்டுவிடுகிறது, தமிழில் பெயரை மட்டும் வெட்டி எடுக்கும்போது அது உதிர்ந்துபோகிறது. ‘மக்கத்துல் முகர்ரமா’ மட்டும் உண்மையிலேயே ஒரே ஒரு ‘அல்’ உடையது. மக்கா என்பது ஊரின் இயற்பெயர். இயற்பெயருக்கு ‘அந்த’ தேவையில்லை, அது ஏற்கெனவே குறிப்பிட்ட ஒன்றுதான். அதனால் பெயரடை மட்டும் ‘அல்’ வாங்கிக்கொள்கிறது. உங்கள் கடைக்குப் பாத்திமா என்று பெயர் வைத்து, அவரைப் புதியவர் என்று அடைமொழி கொடுத்திருந்தால் ‘பாத்திமா அல்ஜதீதா’ சரியாகியிருக்கும். ‘பைத்’ ஊர்ப் பெயரும் அல்ல, ஆள் பெயரும் அல்ல.

இன்னும் படித்தவர் ஒருவர் வந்தால், குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 109ஆம் வசனத்தில் ‘வலதாருல் ஆகிரா’ என்று, வீட்டைக் குறிக்கும் ‘தார்’ முன்னால் ‘அல்’ இல்லாமலே வருகிறதே என்பார். உண்மைதான். 6ஆம் அத்தியாயம் 32ஆம் வசனத்தில் பரவலாக ஓதப்படும் முறையில் இதே சொற்கள் ‘வலத்தாருல் ஆகிரா’ என்று ‘அல்’லுடன் வருகின்றன. இந்த ஒரு வகைக்காக, ஈராக்கின் இரண்டு பழைய ஊர்களான பஸ்ராவின் இலக்கணக்காரர்களும் கூஃபாவின் இலக்கணக்காரர்களும் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். ஒரு பொருளை அதன் அடைமொழியோடேயே உடைமைத் தொடராகக் கட்டலாம் என்றது கூஃபா. கூடாது, நடுவில் ஒரு சொல் மறைந்து நிற்கிறது, ‘மறுமை வாழ்வின் வீடு’ என்று விரித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்றது பஸ்ரா. ‘மஸ்ஜிதுல் ஜாமிஉ’ என்ற வழக்குக்கும் இதே சண்டைதான். அது பழைய மொழியில் நிலைத்துவிட்ட சில சொற்சேர்க்கைகளைப் பற்றிய வழக்கு. கூஃபாவின் அறிஞர்களைச் சாட்சிக்கு அழைத்து உணவகப் பலகை எழுத வேண்டாம்.

இனி மகளின் புத்தகங்கள். பெயரடை தன் பெயரோடு நான்கு வகையில் ஒத்துப்போக வேண்டும்: ‘அல்’ உண்டா இல்லையா, ஆணா பெண்ணா, எண் என்ன, வேற்றுமை என்ன. நான்காவது பலகையில் கண்ணுக்குத் தெரியாது. அரபியில் உயிர்க்குறி போடாமல் எழுதுவதால் பெரும்பாலும் மறைந்துவிடும். தேர்வில் தெரியும், அதை மகள் பார்த்துக்கொள்வாள். எண்ணில் இருமையும் உண்டு. சவூதி மன்னரின் பட்டத்தில் வரும் ‘அல்ஹரமைன் அஷ்ஷரீஃபைன்’, இரு புனிதத் தலங்கள். இரண்டு சொல்லிலும் ‘ஐன்’ என்று முடிவதைக் கவனியுங்கள்.

பன்மையில்தான் நீங்கள் சறுக்கினீர்கள். மனிதர்களாக இருந்தால் உங்கள் திருத்தம் முழுக்கச் சரி: ‘உம்மால் ஜுதுத்’, புதிய தொழிலாளர்கள். புத்தகம் மனிதர் அல்ல. மனிதர் அல்லாதவற்றின் பன்மையை அரபி ஒருமைப் பெண்பாலாக நடத்தும். ஆகவே ‘கிதாப் ஜதீத்’, ஒரு புத்தகம். ‘குதுப் ஜதீதா’, பல புத்தகங்கள். ஒருமையில் புத்தகம் ஆண்பால் என்பதெல்லாம் பன்மையில் செல்லாது.

இதை அரபிப் பாடநூல்கள் ‘ஆகில்’, ‘கைர் ஆகில்’ என்று பிரிக்கும்: பகுத்தறிவு உடையவை, அல்லாதவை. எனக்கு இதைக் கற்பித்த ஆசிரியர் பட்டியலாக ஒப்பிக்க வைத்தார். எனக்குப் பின் படித்தவர்களும் அப்படித்தான் ஒப்பித்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணைப் பிரிவில்தான். தமிழ்ப் பிள்ளைக்கு “அஃறிணைப் பன்மை என்றால் பெண்பால் ஒருமை போடு” என்று ஒரு வரி சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும். ஆங்கில வழிப் பாடநூலுக்கு இந்தச் சொல் தெரியாது. நம் மதரஸாக்கள் பலவற்றில் ஒரு காலத்தில் உருது வழியாகச் சுற்றி வளைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கையில் இருக்கும் திறவுகோலை யாரும் பூட்டில் போட்டுப் பார்ப்பதில்லை.

உங்கள் கைப்பையில் இருக்கும் அடையாள அட்டையை எடுத்து மகளிடம் காட்டுங்கள். மேலே நாட்டின் பெயர்: ‘அல்இமாராத் அல்அரபிய்யா அல்முத்தஹிதா’. இமாராத் பன்மை, ஏழு எமிரேட்டுகள். பின்னால் வரும் இரண்டு அடைமொழியும் ஒருமை, பெண்பால். இறுதியில் இரண்டு புள்ளி வைத்த வட்ட எழுத்து தெரியும், அதுதான் பெண்பால் அடையாளம். ‘அல்’லும் மூன்றிலும் இருக்கிறது. உங்கள் இரண்டு கேள்விக்கும் உரிய விடை இத்தனை நாளாக உங்கள் பைக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

பலகையின் மாதிரிப் படம் வந்ததும், அரபி வாசிக்கத் தெரியாவிட்டாலும் நீங்களே சரிபார்க்கலாம். வலமிருந்து தொடங்குங்கள். வலக்கோடியில் உள்ள முதல் சொல் ஒரு சிறிய வளையத்தோடு தொடங்க வேண்டும், அது மீம். அச்சொல்லின் நடுவில் ஒரு நெட்டுக்கோடு எழும்பி நிற்கும், அது வேறு எழுத்து, கலவரப்பட வேண்டாம். அடுத்த சொல்லும் அதற்கடுத்த சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு நெட்டுக்கோடுகளோடு தொடங்க வேண்டும்; அலிஃபும் லாமும். மொத்தம் 15 எழுத்து. முதல் இருவர் எழுதியதில் 13தான் வரும். மூன்றாமவர் எழுதியதில் 17 வரும். பலகை செய்கிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னால், மூன்றாமவர் கூடுதலாகப் போட்ட அந்த இரண்டு எழுத்தின் காசையும் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.