பிரிட்டனில் நவம்பர் வந்தாலே என் டீம் சோர்ந்துபோகிறது. மேனேஜராக நான் என்ன செய்யலாம்?

பீட்சா ஆர்டர் செய்வதற்கு முன்னால் ரோஸ்டரை (வேலை நேரப் பட்டியலை) எடுத்துப் பாருங்கள். குளிர்காலச் சோர்வுக்குப் பெரிய காரணம் காலை வெளிச்சம் கிடைக்காமல் போவது. யார் எப்போது உள்ளே இருக்கிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

டிசம்பர் 21 அன்று லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கிளாஸ்கோவில் சுமார் ஏழு. எட்டு மணிக்கு நுழைந்து ஐந்து மணிக்கு வெளியே வருகிறவர் வேலைநாளில் பகலையே பார்ப்பதில்லை. உடம்பின் உள் கடிகாரம் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தினமும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அது கிடைக்காவிட்டால் தூக்கம் தள்ளிப்போகும், எழும்போதே களைப்பு இருக்கும். டிசம்பர் 21 தாண்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைப்பார்கள். மாலை நீள்வது உண்மைதான். ஆனால் லண்டனில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஆண்டின் கடைசி நாட்களில், 8.06 அளவில். ஜனவரி நடுவில்கூட எட்டு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. பண்டிகை விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் வாரங்கள் கனமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. (ஜனவரியின் மூன்றாவது திங்களை ‘ப்ளூ மண்டே’, அதாவது ஆண்டிலேயே மிகச் சோகமான நாள் என்பது 2005இல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட்டது. அன்றைக்குக் கேக் வெட்ட வேண்டிய அவசியமில்லை.)

அலுவலக மேசையில் வழக்கமாக 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழும். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். அதனால் 11.45 முதல் 1.30 வரை மீட்டிங் போடாதீர்கள், எல்லோர் காலெண்டரிலும் அந்த நேரத்தை அடைத்துவையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்கு 20 நிமிட இடைவேளை சட்டப்படியே உண்டு. அதை மேசையில் சாண்ட்விச்சோடு கழிக்காமல் வெளியே கழிக்க வைப்பதுதான் சவால். ‘வெளியே போய்ட்டு வாங்க’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் ஒருவரும் போக மாட்டார்கள். நீங்கள் முதலில் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள், இருவர் பேச வேண்டிய விஷயங்களை நடந்துகொண்டே பேசுங்கள். வாசலில் நாலைந்து குடையும் ஈரக் கோட்டு மாட்ட ஒரு இடமும் வையுங்கள். அற்ப விஷயம்தான், ஆனால் மழை நாளில் ஆட்கள் வெளியே போகாததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜன்னல்களையும் கவனியுங்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாக இருப்பதால் வெயில் நேரே கணினித் திரையில் அடிக்கும். யாரோ ஒருவர் நவம்பரில் பிளைண்டை இறக்குவார், மார்ச் வரை அது இறங்கியே இருக்கும். கணினித் திரையை ஜன்னலுக்குச் செங்குத்தாகத் திருப்பிவைத்தால் கூசுவது குறையும். வெயில் நகர்ந்ததும் பிளைண்டை ஏற்றுவது யார் வேலை என்று முடிவு செய்துவிடுங்கள். ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளத் தள்ள வெளிச்சம் வேகமாகக் குறையும். எனவே ஜன்னலோர இடம் மேனேஜர் அறைக்குப் போகாமல், கேட்கிறவருக்குப் போகட்டும்.

வேர்ஹவுஸ், கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) மாதிரியான இடங்களில் ஷிஃப்ட்தான் எல்லாம். காலை 6 முதல் 2 வரை வேலை செய்பவருக்கு வெளியே வந்தபின் ஒன்றரை மணி நேரமளவாவது பகல் மிச்சம். இரவு ஷிஃப்ட் ஆளுக்கு அதுவும் இல்லை. ஒரே ஆளை நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தொடர்ந்து இரவில் போடாதீர்கள். மாற்றும்போது காலை, மதியம், இரவு என்ற வரிசையில் மாற்றுங்கள், எதிர்த்திசையில் மாற்றினால் உடம்பு ஈடுகொடுக்கத் திணறும். இரவு வேலையாட்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனைக்கு வாய்ப்புத் தருவது முதலாளியின் சட்டக் கடமை.

லைட் பாக்ஸ் (காலை வெளிச்சத்துக்குப் பதிலாக முகத்துக்கு எதிரே வைக்கும் பிரகாசமான விளக்குப் பெட்டி) வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், ஆனால் அட்டையில் உள்ள ‘10,000 லக்ஸ்’ எந்தத் தூரத்தில் என்று பாருங்கள். மலிவான சிறிய விளக்குகள் அந்த அளவை முகத்துக்கு 15 சென்டிமீட்டரில்தான் தரும், அப்படி யாரும் உட்கார மாட்டார்கள். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். 30 முதல் 50 சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் தரும், புற ஊதாக் கதிரை வடிகட்டும் பெரிய பெட்டிதான் பயன்படும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் தினமும் 30 நிமிடம், சற்றுப் பக்கவாட்டில் வைத்து, கண் திறந்திருந்தால் போதும், உற்றுப் பார்க்க வேண்டாம். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். மீட்டிங் அறையில் ஒன்றை வைத்துவிட்டு ‘வசதி செய்துவிட்டோம்’ என்பது வீண், அங்கே போய் யாரும் அரை மணி நேரம் உட்காருவதில்லை. இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இது மனநிலையை அதீத எழுச்சிக்குத் தள்ளலாம். அவர்களும், விழித்திரைக் கோளாறு உள்ளவர்களும், வெளிச்சக் கூச்சம் தரும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வைட்டமின் டி பற்றிச் சுருக்கமாக. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை தினம் 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி எல்லோரும் யோசிக்கச் சொல்கிறது பிரிட்டிஷ் அரசின் ஆலோசனை. தெற்காசியர், ஆப்பிரிக்கர் போன்ற கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதுமே யோசிக்க வேண்டும். நம் ஆட்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை. ஆனால் இது எலும்புக்கும் தசைக்கும்தான். மனச்சோர்வு தீரும் என்று சொல்லி அலுவலகத்தில் மாத்திரை விநியோகிக்காதீர்கள்.

வெறும் மந்தமா, நோயா? அதிகத் தூக்கம், மாவுச்சத்துக்கு அடங்காத பசி, கைகால் கனம், ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து வசந்தத்தில் விலகினால் பருவகால மனச்சோர்வாக இருக்கலாம். நோய்க்குப் பெயர் வைப்பது ஜிபியின் (குடும்ப மருத்துவரின்) வேலை. நீங்கள் தனியாக அழைத்து, ‘சில வாரமா உங்க வேலையில இந்த மாற்றம் தெரியுது, நாளில எந்த நேரம் கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் ‘காலை’ என்றால் தொடக்க நேரத்தைத் தள்ளுங்கள், கவனம் தேவைப்படும் வேலையை நண்பகலுக்கு மாற்றுங்கள், ஒப்புக்கொண்டதை எழுதிவையுங்கள். ஆண்டுதோறும் திரும்பி வந்து அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் நோய் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் ஊனமாகக் கருதப்படலாம். அப்போது நியாயமான மாற்றங்கள் செய்வது உங்கள் கடமை. சாவைப் பற்றிய பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள். உடனடி ஆபத்துக்கு 999, இங்கிலாந்தில் 111 அழைத்து 2 அழுத்தினால் மனநல உதவி, மனம் விட்டுப் பேச சமாரிட்டன்ஸ் உதவி எண் 116 123.

வேலை நேரத்தை முறைப்படி மாற்றக் கேட்கும் உரிமை, 2024 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. முதலாளி முடிவு சொல்ல இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய் மாலை சீக்கிரமே இருட்டத் தொடங்குகிறது, ஆகவே விண்ணப்பங்களை ஆகஸ்ட் இறுதியிலேயே கேட்டு வாங்குங்கள்.