ஐடிஐயா, ஆறு மாத இ.வி. கோர்ஸா?

கேள்வி: ஐயா, வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். தம்பி இந்த வருஷம் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தான், 312 மார்க். திண்டுக்கல்லில் ஒரு பயிற்சி மையத்தில் 'இ.வி. (மின்சார வாகனம்), சோலார், ஏ.ஐ. டெக்னீஷியன்' என்று ஆறு மாத கோர்ஸ் நடத்துகிறார்கள். கட்டணம் 85,000 ரூபாய். நூறு சதவீதம் வேலை, மத்திய அரசு சான்றிதழ் என்கிறார்கள். முன்பணம் 5,000 கட்டி, ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்துவிட்டோம். ஐடிஐ பழைய படிப்பு, இனிமேல் எல்லாம் பேட்டரியும் கம்ப்யூட்டரும்தான் என்கிறான் தம்பி. எங்கள் மாமா சான்றிதழ் எதுவும் இல்லாமல் எட்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறார். 'என்கூட அனுப்பு, கற்றுக்கொள்வான்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, மீதி 80,000 ரூபாயைக் கட்டாதீர்கள். தம்பியை அரசு ஐடிஐயில் இரண்டு வருட எலக்ட்ரீஷியன் டிரேடில் (தொழிற்பிரிவில்) சேர்க்கப் பாருங்கள். மில்லில் ஷிப்ட் பார்த்துச் சேர்த்த பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

காலம் மாறுகிறது என்று தம்பி சொல்வது சரிதான். ஆனால் புதிய வேலைகள் பழைய அடிப்படையின் மேல்தான் நிற்கின்றன. ஒரு மாடியில் பத்து சோலார் பேனலை வரிசையாக இணைத்தால் அந்த ஒயரில் கிட்டத்தட்ட 400 வோல்ட் டி.சி. (ஒரே திசையில் ஓடும்) மின்சாரம் இருக்கும். வீட்டு மெயினை அணைத்தாலும், வெயில் இருக்கும்வரை பேனலில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். வீட்டில் ஓடும் ஏ.சி. மின்சாரம் விநாடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுப் போவதால் பொறி பறந்தாலும் சீக்கிரம் அணையும். டி.சி.யில் அது நின்று எரியும். எர்த்திங் போடத் தெரியாத, மெகர் (ஒயரில் மின்கசிவு பார்க்கும் கருவி) வைத்துப் பார்க்கத் தெரியாத பையன் அந்தக் கூரையில் ஏறக் கூடாது. மின்சார ஸ்கூட்டரும் அப்படித்தான். மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் மூன்றும் எலக்ட்ரீஷியன் பாடத்திலிருந்து கிளைத்தவை. இரண்டு வருடம் கையால் வைண்டிங் சுற்றி, சர்க்யூட் பிரித்து மாட்டியவனுக்கு அதன்மேல் மூன்று மாதப் பயிற்சி போதும்.

மத்திய அரசே 'சூரியமித்ரா' என்ற 600 மணி நேர சோலார் பயிற்சியை இலவசமாக நடத்துகிறது. அதில் சேர 18 வயதும், பத்தாம் வகுப்புடன் எலக்ட்ரீஷியன், வயர்மேன் போன்ற டிரேடில் ஐடிஐயும் கேட்கிறார்கள். அரசு இலவசமாகத் தரும் பயிற்சிக்கே ஐடிஐ வேண்டும் என்றால், 85,000 வாங்குபவர்கள் எதுவுமே கேட்காமல் எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஐடிஐ என்றால் லேத் மட்டும்தான் என்பதும் பழைய கதை. தமிழகத்தில் 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாய் செலவில் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 'தொழில் 4.0' மையங்களாக மாற்றினார்கள். ரோபோ, சி.என்.சி. (கம்ப்யூட்டரால் ஓடும் இயந்திரம்), மின்சார வாகன மெக்கானிக் எல்லாம் அங்கே டிரேடுகளாகவே இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் இடம் கிடைக்காவிட்டால் அவற்றையும் பாருங்கள். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் தரும் 1,000 ரூபாய்க்கும் சேரும்போதே கேட்டுப் பதியச் சொல்லுங்கள்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்றுதான். இவ்வளவும் இருப்பது உங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை. மையக்காரர் பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்க போஸ்டர் ஒட்டுகிறார். அரசுச் சேர்க்கை அறிவிப்போ பத்திரிகையின் ஓரத்தில் நாலு வரியில் வந்து போகிறது. நான் பணியாற்றிய ஒரு அரசு ஐடிஐ நிலையத்தில் புது இயந்திரம் வந்து இறங்கியபின் மின் இணைப்புக்கே எட்டு மாதம் கடிதம் எழுதினோம். அந்த எட்டு மாதமும் பிள்ளைகள் உறை போட்ட இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள். இன்னும் நினைத்தால் கோபம் வருகிறது. சேரும் முன் தம்பி நேரில் போய், அந்த டிரேடுக்கு வாத்தியார் இருக்கிறாரா, இயந்திரம் ஓடுகிறதா என்று மாணவர்களையே கேட்கட்டும்.

'மத்திய அரசு சான்றிதழ்' என்ற சொல்லை நம்பாதீர்கள். ஸ்கில் இந்தியா சின்னத்தை யார் வேண்டுமானாலும் பிளெக்ஸில் அச்சடிக்கலாம். படிப்பின் முழுப்பெயர் என்ன, அதன் என்.எஸ்.கியூ.எஃப். (தேசிய திறன் தகுதி வரிசை) நிலை எத்தனை, சான்றிதழில் கையெழுத்துப் போடும் அமைப்பு எது என்று எழுதிக் கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். 'நூறு சதவீத வேலை' என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாக ஏற்றிவிடுவதுதான். அதற்கு ஆறு மாதமும் வேண்டாம், 85,000மும் வேண்டாம். ஐடிஐ முடித்தபின் அப்ரண்டிஸ் (கம்பெனியில் உதவித்தொகையுடன் பயிற்சி) வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுக்கும் இதே பதில்தான். அரசு இணையதளத்தில் அப்ரண்டிஸ் பதிவு இலவசம், ஒப்பந்தமும் அங்கேயே பதிவாக வேண்டும்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன், அவர் வழி வேறு. எட்டு வருஷம் கையில் தொழில் இருக்கும் மனிதரை இரண்டு வருடம் வகுப்பில் உட்கார வைக்கத் தேவையில்லை. வயரிங்கில் குறைந்தது 5 வருட அனுபவம், 21 வயது இருந்தால் 'மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு' எழுதலாம். விண்ணப்பத்தை அரசு ஐடிஐயிலேயே வாங்கலாம். சிக்கல் அனுபவச் சான்றில்தான் வரும். எங்கள் நிலையத்துக்கு இந்தத் தேர்வுக்காக வந்தவர்களில் பலர், வேலை நன்றாகத் தெரிந்தும் அந்த ஒரு தாள் இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் யாரிடமாவது வேலை பார்த்திருந்தால் இப்போதே போய் எழுதி வாங்கி வைக்கட்டும். அறிவிப்பு வந்தபின் அலைந்தால் தேதி தப்பிவிடும். தேர்வில் தேறிச் சான்றிதழ் வந்துவிட்டால் அவருக்குக் குறுகிய கால சோலார் பயிற்சி உண்மையிலேயே பலன் தரும்.

தம்பிக்கு இந்த வழி ஆகாது. அவனுக்குப் பதினைந்து வயது. ஆனால் லீவு நாளில் மாமாவுடன் போய் நின்று பார்க்கட்டும், நல்லதுதான். ஐடிஐ முடித்துப் பாலிடெக்னிக் போக நினைத்தால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னால், நாளைக்கே அந்த மையத்துக்குப் போய் ஒரிஜினல் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்குங்கள். அதைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. தனியாகப் போகாதீர்கள், மாமாவையும் கூட்டிப் போங்கள். தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். 5,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். பணம் தாமதமானாலும் பரவாயில்லை, மார்க் ஷீட் இல்லாமல் ஐடிஐ சேர்க்கைக் கலந்தாய்வுக்குப் போக முடியாது.